டெபியனில் ஆறு ஆண்டுகள்: பெயர் தெரியாத மென்பொருளைத் தேடுவது

லினக்ஸ் இயங்குதளங்களில் ஒன்றான டெபியனின் 10-ஆம் பதிப்பு வெளிவந்த 2019-ஆம் ஆண்டில் அதை என் மடிக்கணினியில் நிறுவினேன். அதன்பின் 11-க்கும் 12-க்கும் புதிதாக நிறுவாமல், இருந்ததையே மேம்படுத்தி வந்திருக்கிறேன். நிறுவும் வேலையில், டெபியனின் மென்பொருள் நிறுவும் கருவியான ஆப்ட்டின் மீது எனக்குக் குறையேதும் இல்லை. ஒரு மென்பொருள் பொதியைக் கேட்டால், அது இயங்கத் தேவையான சார்புப் பொதிகளையும் ஒரே கட்டளையில் சேர்த்துக் கொண்டுவந்து, அவை வைக்கப்பட்டுள்ள களஞ்சியத்தின் கையொப்பத்தையும் சரிபார்த்துவிடுகிறது. சிக்கலெல்லாம் அதற்கு முந்தைய படியில்தான்: பெயரே தெரியாத மென்பொருளை 64,000-க்கும் மேற்பட்ட பொதிகளுக்குள் எப்படித் தேடுவது?

தொடக்கத்தில் 'ஆப்ட் சர்ச் பிடிஎஃப்' என்று தட்டிவிட்டு, திரையில் ஓடிய நீண்ட பட்டியலைப் பார்த்து மலைத்துப்போனேன். பெயரை மட்டுமன்றி விளக்கத்தையும் அது துழாவுவதால், தொடர்பில்லாத நிரலகங்களும் (பிற மென்பொருள்கள் பயன்படுத்தும் நிரல் தொகுப்புகள்) வந்து குவிகின்றன. இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்துக் கொடுத்தால் அவை அனைத்தும் இடம்பெறும் பொதிகள் மட்டுமே வரும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். வட்டில் இடத்தை அடைப்பது எது என்று காட்டும் என்சிடியூ எனக்கு அறிமுகமானது அப்படியொரு தேடலில்தான்.

ஆனால், என் தேடும் முறையையே மாற்றியது ஆப்ட்-ஃபைல். கட்டளையின் பெயரும் பொதியின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பிடிஎஃப் கோப்பிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் பிடிஎஃப்டுடெக்ஸ்ட், பாப்ளர்-யூட்டில்ஸ் என்ற பொதிக்குள் இருக்கிறது. எந்தக் கோப்பு எந்தப் பொதியில் இருக்கிறது என்பதை, அப்பொதியை நிறுவாமலேயே ஆப்ட்-ஃபைல் சொல்லிவிடும். இவ்வளவு பயனுள்ள கருவியைத் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டியிருப்பதுதான் வியப்பு.

'ஆப்ட் ஷோ' காட்டும் விவரங்களில் பரிந்துரைகள், ஆலோசனைகள் என்னும் இரு வரிகளையும் இப்போது தவறாமல் படிக்கிறேன். பரிந்துரைக்கப்பட்டவை இயல்பாகவே நிறுவப்படும். ஆலோசனைகளை நாமாகக் கேட்டால்தான் வரும். வீட்டிலிருந்த பழைய மாத இதழ்களை உரையாக மாற்ற, படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் எழுத்துணரியான டெசராக்டை நிறுவியபோது, ஆங்கிலத் தரவு தானாக வந்தது. தமிழுக்கான 'டேம்' பொதியைத் தனியாகத் தேடி நிறுவிய பிறகே அது தமிழைப் படித்தது.

ஒரேயொரு முறை பொறுமையிழந்து, ஒரு வெளிக்களஞ்சியத்தைச் சேர்த்தேன். அங்கிருந்து வந்த நிரலகம் டெபியனின் பதிப்பைவிடப் புதியதாக இருந்ததால், 12-க்கு மாறும்போது சார்புகள் முரண்பட்டு மேம்படுத்தல் பாதியில் நின்றது. அதைச் சரிசெய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று. அதன்பின், களஞ்சியத்தில் உள்ளதைவிடப் புதிய வரைகலைச் செயலி தேவைப்பட்டால், செயலிகளை அவற்றுக்கான நிரலகங்களோடு தனியாக நிறுவும் ஃபிளாட்பேக்கில் கிடைக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். இடத்தைக் கூடுதலாக எடுத்துக்கொண்டாலும் அமைப்பின் நிரலகங்களை அது தொடுவதில்லை.

நானாக நிறுவியவற்றின் பட்டியலை 'ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்' தருகிறது. ஆனால், ஏன் நிறுவினேன் என்பதை அது சொல்லாது. ஆப்ட்டின் வரலாற்றுப் பதிவுகளும் ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின் சுழற்சியில் அழிந்துவிடுகின்றன. ஆகவே, நிறுவும்போதே காரணத்தை ஓர் உரைக்கோப்பில் ஒரு வரியாக எழுதிவைக்கிறேன். அண்மையில் எழுதிய வரி: 'டெசராக்ட், தமிழ்த் தரவு: மாத இதழ்கள், இன்னும் பதினொன்று பாக்கி.'