பிரஷர் மாத்திரையும் தோலும்: யாருக்கு எது ஒத்துப்போகும்?

கடலூர் பக்கம் பிரஷர் மாத்திரை போடுகிறவருக்கு எங்கே அரித்தாலும் பழி முதலில் மாத்திரை மேல்தான் விழும். ஆனால் மாத்திரைக்கு மாத்திரை தோலில் காட்டும் குணம் வேறு.

அம்லோடிபினை எடுத்துக்கொள்வோம். கணுக்கால் வீங்கியதும் 'அலர்ஜி' என்று நிறுத்திவிடுகிறார்கள். இது அலர்ஜியே இல்லை. நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிவதால் நீர் கசிந்து காலில் இறங்குகிறது. 5 மி.கி.யை விட 10 மி.கி.யில் அதிகம். நீர் மாத்திரை போட்டாலும் பெரிதாக வடியாது. டாக்டர் அளவைக் குறைத்தாலோ டெல்மிசார்டான் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரையைச் சேர்த்தாலோ பெரும்பாலும் குறையும்.

எனலாபிரில், ராமிபிரில் வகையில் வீக்கம் வருவது அரிது, வந்தால் ஆபத்து. உதடு, நாக்கு, முகம் வீங்கும். தடிப்போ அரிப்போ இருக்காது. மாத்திரை தொடங்கி வருடக்கணக்கில் ஆனபிறகும் வரலாம் என்பதால் யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. ரத்தக் குழாயை விரித்து நீரைக் கசியவைக்கும் பிராடிகைனின் என்ற பொருள் உடம்பில் சேர்வதுதான் காரணம், ஆகவே அரிப்புக்குப் போடும் வழக்கமான ஊசி சரியாகக் கேட்காது. மூச்சுக்குழாய் அடைபடும் முன் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். ஒருமுறை வந்தவர் 'பிரில்' என்று முடியும் எதையும் மறுபடி தொடக் கூடாது. லோசார்டான், டெல்மிசார்டானில் இந்த வீக்கம் இன்னும் அரிது. தோலை மட்டும் பார்த்தால் என் ஓட்டு இவற்றுக்குத்தான்.

நம் ஊருக்கு முக்கியமானது ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் மாத்திரை. தனியாக யாரும் இதைக் கேட்டு வாங்குவதில்லை. கூட்டு மாத்திரையில் ஒளிந்து வரும். அட்டையில் பெயருக்குப் பின்னால் 'எச்' என்று இருந்தால் அநேகமாக இதுதான். வெயிலோடு சேர்ந்தால் நெற்றி, பிடரி, புறங்கை எல்லாம் சிவந்து, எரிந்து, கறுத்துப்போகும். சட்டை மூடிய இடமும் தாடைக்கு அடிப்பகுதியும் தப்பித்துவிடும். அந்த எல்லைக்கோடே துப்பு. பஸ் ஜன்னல் கண்ணாடி வழியாகவும் இதைத் தூண்டும் கதிர் உள்ளே வரும். பல வருடம் எடுத்தவர்களுக்குச் சிலவகைத் தோல் புற்றுநோய் கூடுவதாக 2018-இல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. அது பெரும்பாலும் வெள்ளைத் தோல்காரர்களின் கவலை, நாம் அலற வேண்டியதில்லை. ஆனாலும் தேவனாம்பட்டினத்தில் கடலுக்குப் போகிறவருக்கும், முதுநகரில் நாள் முழுக்கக் கருவாடு காயவைப்பவருக்கும் இந்த 'எச்' எனக்குச் சரியாகப் படவில்லை. வெயிலில் பிழைப்பவர் அதை டாக்டரிடம் தாமாகவே சொல்லிவிடுவது நல்லது.

அட்டெனோலால், மெட்டோப்ரோலால் பற்றி ஒன்று போதும். ஏற்கெனவே சொரியாசிஸ் இருந்தால் அதைக் கிளப்பிவிடலாம். அதற்காகத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலி வரைக்கும் போகலாம், டாக்டர் படிப்படியாகத்தான் குறைப்பார்.

அப்புறம், பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைப்பவர்கள் விரல் வெந்து தோல் உரிந்தால் மாத்திரையைக் குறை சொல்ல வேண்டாம், ஓட்டு எண்ணெயின் வேலை அது. மருந்தால் வரும் தடிப்பு பெரும்பாலும் நெஞ்சிலும் முதுகிலும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் பரவும், புது மாத்திரை தொடங்கிய சில நாள் முதல் சில வாரத்துக்குள். அதோடு காய்ச்சல், வாய்ப்புண், கொப்புளம் சேர்ந்துவிட்டால் களிம்பு தடவிக்கொண்டு வீட்டில் இருக்காமல், மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே மஞ்சக்குப்பம் அரசு ஆஸ்பத்திரிக்கோ ஜிப்மருக்கோ கிளம்ப வேண்டும்.