பிரிந்து போன வீரரைப் பின்தொடர: இரவு நேரலையா, காலை பாக்ஸ் ஸ்கோரா?

2020 பிப்ரவரியில் பேஸ்பால் வீரர் மூக்கி பெட்ஸை பாஸ்டனின் ரெட் சாக்ஸ் அணி, லாஸ் ஏஞ்சலிஸின் டாட்ஜர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் உலகத் தொடர் எனும் இறுதிப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் அவர் ஹோம் ரன் அடித்துக் கோப்பையை வென்றபோது, பாஸ்டன் ரசிகர்களுக்கு மகிழ்ச்சியும் வலியும் ஒன்றாக வந்தன. அவரை விட மனமில்லாதவர்கள் எப்படித் தொடர்வது? இரவில் நேரலை பார்க்கலாம், அல்லது காலையில் பாக்ஸ் ஸ்கோர், அதாவது ஆட்டத்தின் புள்ளிவிவர அட்டையைப் படிக்கலாம்.

நேரம்
நேரலை: லாஸ் ஏஞ்சலிஸில் மாலை 7:10 என்றால் பாஸ்டனில் இரவு 10:10. முடிய நள்ளிரவு தாண்டும்.
பாக்ஸ் ஸ்கோர்: காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

செலவு
நேரலை: எம்எல்பி டிவி (அமெரிக்க பேஸ்பால் லீகின் ஒளிபரப்புச் சேவை) சந்தா வேண்டும். தேசிய ஒளிபரப்பு ஆட்டங்கள் அதில் வராது.
பாக்ஸ் ஸ்கோர்: இலவசம்.

கிடைப்பது
பாக்ஸ் ஸ்கோர்: 4 முறை ஆடி 2 ஹிட் (அடித்து பேஸை அடைவது), ஒரு வாக் (தவறான பந்துகளால் அடிக்காமலே முதல் பேஸ் பெறுவது). அவ்வளவுதான்.
நேரலை: இங்கேதான் வித்தியாசம். ரெட் சாக்ஸின் அரங்கமான ஃபென்வேயில் வலதுபுற வெளிக்களத்தைக் காத்தவர் இப்போது ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்பவர். வலப்பக்கம் ஓடி, கையுறையைத் திருப்பிப் பந்தை அள்ளி, உடல் திரும்பும் முன்பே முதல் பேஸுக்கு எறிவார். அட்டையில் அது வெறும் '6-3' (6 ஷார்ட்ஸ்டாப், 3 முதல் பேஸ் வீரர்). 2023 ஆகஸ்டில் அவர் ஃபென்வேக்குத் திரும்பியபோது அரங்கமே எழுந்து கைதட்டியதையும் எந்த எண்ணும் சொல்லாது.

சரி, எது யாருக்கு? விட்டுப்போன பலரையும் ஒரே நேரத்தில் கவனிக்க பாக்ஸ் ஸ்கோர் போதும். மனதை விட்டு அகலாத ஒரே ஒருவர் என்றால் நேரலைதான். தினமும் வேண்டாம், வெள்ளி, சனி இரவுகள் போதும்.