எவால்வுலஸ்: கல்லுக்கு நடுவே நீலம், மத்தியானம் வரைக்கும்

பக்கத்து வீட்டு அக்கா நர்சரிக்குக் கிளம்புகிறார். "உங்க வாசல்ல கல்லுக்கு நடுவுல படர்ந்திருக்கே நீலப் பூ, அதை வாங்கலாமா?" என்று கேட்டார். சில வருடமாக வளர்க்கிறவள் என்பதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

வளர்ப்பில் குறை சொல்லவே முடியாது. பிரேசில் பக்கத்துச் செடி, நம் வெயிலுக்கு அசராது. சர்க்கரைவள்ளிக் குடும்பம்தான், ஆனால் எதையும் சுற்றி ஏறாது. ஒரு முழ உயரத்துக்குள் அடங்கி, கல்லின் மேல் அப்படியே வழிந்து படரும். இலை முழுக்க மெல்லிய ரோமம், அதனால் பச்சையில் சாம்பல் கலந்த நிறம். மேடாகக் கொட்டிய செம்மண்ணில் பாதிக்குப் பாதி மணலும் பொடி ஜல்லியும் கலந்திருந்தால் போதும். உரம்கூடக் கேட்பதில்லை.

பூவைக் குனிந்து பார்க்க வேண்டும். ஒரு ரூபாய்க் காசு அகலம்தான். தெளிவான நீலம், நடுவில் வெள்ளைப் பொட்டு, அதிலிருந்து விளிம்பு வரை ஐந்து மெல்லிய கோடுகள். கருங்கல் பக்கத்தில் அந்த நீலம் இருமடங்காகத் தெரியும். நான் வளர்த்த எந்தச் செடியிலும் இப்படி ஒரு நிறம் இல்லை.

ஆனால் அந்தப் பூ மத்தியானம் தாண்டினால் இல்லை! வெயில் ஏற ஏற இதழைச் சுருட்டிக்கொள்கிறது. ஒரு பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுள். மறுநாள் பூப்பது வேறு மொட்டு. மேகம் மூடிய நாளில் சரியாகத் திறப்பதும் கிடையாது. காலையில் பஸ்ஸைப் பிடிக்க ஓடி, இருட்டிய பிறகு வீடு திரும்புகிற எனக்கு வாரம் முழுக்கச் சாம்பல் பச்சைதான். பூவைப் பார்ப்பது பால்காரரும் தெருவில் போகிறவர்களும். வருடக்கணக்கில் தண்ணீர் ஊற்றுகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தானா? எரிச்சலாக வருகிறது. விற்கும்போது இதை யாரும் சொல்வதில்லை.

அப்புறம் ஐப்பசி மழை. தண்ணீர் தேங்கினால் அடித்தண்டு கறுத்து அழுகிவிடும். நடுவில் குச்சியாக மொட்டையானால் மழை முடிந்ததும் பாதிக்குக் கத்தரித்துவிடுங்கள், சீக்கிரமே துளிர்க்கும்.

சரி, அக்காவுக்குப் பதில்: நீங்களும் வேலைக்குப் போகிறவர், வாங்காதீர்கள். வெட்டிய நுனியை ஈர மணலில் செருகினாலே வேர் பிடிக்கும். ஆசையாக இருந்தால் ஞாயிறு காலை வாருங்கள், கைநிறையத் தருகிறேன்.