மூணு சின்ன அடியும் ஒரு பெரிய அடியும்

சித்தர்களை வைத்து சொந்தமாக ஒரு ரோல்பிளே ஆட்டம் எழுதிக்கொண்டிருக்கிறார் தேவகோட்டை நண்பர். ஆளுக்கொரு பாத்திரமாகி பகடை உருட்டி ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 5ஆம் பதிப்பின் கான்சென்ட்ரேஷன் (கவனக்குவிப்பு) விதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். காரைக்குடியில் வருடக்கணக்காக அதை வைத்து ஆட்டம் நடத்துகிறவன் நான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கவனம் சிதறாமல் பிடித்துவைக்க வேண்டிய மந்திரம் ஒரு நேரத்தில் ஒன்றுதான் என்பது அருமையான கட்டுப்பாடு. 3ஆம் பதிப்பில் சண்டைக்கு முன்பே மந்திரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக்கொண்டு கிளம்புவார்கள். இதில் மூன்று பேருக்கு பிளெஸ் என்ற ஆசி மந்திரம் போடுவதா, ஒருத்தனை ஹோல்ட் பர்சன் மந்திரத்தில் கட்டிப்போடுவதா என்று முடிவெடுத்தே ஆகவேண்டும். ஆட்டத்தின் ருசியே அங்கேதான்.

எரிச்சல் பகடையில். அடிபட்டால் 20 பக்கப் பகடையை உருட்டி மந்திரத்தைக் காப்பாற்ற வேண்டும். இலக்கு 10 அல்லது வாங்கிய அடியில் பாதி, எது பெரிதோ அது. ஒவ்வொரு அடிக்கும் தனித்தனியாக. என் தம்பி ஆடுகிற பூசாரிக்கு உடல்வலு +2, அதாவது பகடையில் விழுந்ததோடு 2 கூட்டிக்கொள்ளலாம். 30 புள்ளி பேயடி ஒன்று விழுந்தால் இலக்கு 15, மந்திரம் நிற்க 40% வாய்ப்பு. கோப்ளின்கள் என்கிற குட்டிப் பூதங்கள் மூன்று பேர் ஆளுக்கு 3 புள்ளி கிள்ளினால்? ஒவ்வொன்றுக்கும் 65%, மூன்றையும் தாண்ட ஏறத்தாழ 27% தான். கிள்ளியதில் கலைகிறது, அறைந்ததில் நிற்கிறது. என்ன நியாயம் இது?

சரி, ஒரு சுற்றில் வாங்கிய அடியை மொத்தமாகக் கூட்டி ஒரே உருட்டல் என்று மாற்றிப் பார்த்தேன். கோப்ளின் தொல்லை தீர்ந்தது. அப்புறம் ஒரு ராட்சசன் 15, 15, 15 என்று அடித்தான். மொத்தம் 45, இலக்கு 22. தம்பிக்கு 20 விழுந்தால்தான் உண்டு; பழைய விதியில் ஒவ்வொரு அடிக்கும் இலக்கு 10தான். "அண்ணே, பழைய விதியே தேவலை" என்று பட்டாலையில் உட்கார்ந்து ஒரே சண்டை.

(பட்டாலை என்றதும் ஒன்று. பாத்திரங்களுக்கான பொம்மைகளை நகர்த்த கட்டம் போட்ட விரிப்பு வாங்காதீர்கள், தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் போதும். ஒரு கல் 5 அடி தூரம் என்று வைத்தால் ஃபயர்பால் என்ற தீப்பந்து மந்திரத்தின் 20 அடி ஆரம் நாலே கல். பூவேலைப்பாட்டில் பொம்மைகள்தான் கண்ணுக்குத் தெரியாது.)

நண்பருக்கு என் பதில்: எடுக்காதீர்கள். ஒரு மந்திரம்தான் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, சித்தர் மயங்கி விழுந்தால் கலையும் என்று விட்டுவிடுங்கள். அடித்துக் கலைக்கிற பதைபதைப்பு போய்விடும், தெரியும். போகட்டும். இந்த ஞாயிறு நான் மட்டும் பழைய விதியில்தான் நடத்தப்போகிறேன்.