நல்லூர் சனிக்கிழமை உடற்கல்வி வகுப்பு: ஒரு தாயின் மதிப்பீடு

மூளை முடக்குவாதம் உள்ள என் மகன், தன் பாடசாலையின் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளை நான்கு ஆண்டுகளாகக் கூடாரத்து நிழலில் இருந்தபடியே பார்த்துவந்தான். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றி இலங்கை 2016இல் ஏற்புறுதி செய்த ஐ.நா. சமவாயத்தின் 30ஆம் உறுப்புரை, பாடசாலை விளையாட்டு உட்பட எல்லா விளையாட்டிலும் இத்தகைய பிள்ளைகளுக்குச் சம இடம் வேண்டும் என்கிறது. அவனுக்கோ உடற்கல்விப் பாடவேளை வகுப்பறையில் தனித்திருக்கும் நேரமாகவே கழிந்தது. ஆகையால் நல்லூரில் ஒரு மண்டபத்தில் மாற்றுத்திறன் மாணவர்களுக்கென இலவசமாக நடக்கும் வகுப்பில் அவனைச் சேர்த்து, ஆறு மாதம் கூடவே இருந்து பார்த்தபின் இதை எழுதுகிறேன்.

இங்கே முதன்மையாகக் கற்பிப்பது பொச்சியா. வெள்ளைப் பந்துக்கு மிக அருகில் தம் பந்தைச் சேர்ப்பதே ஆட்டம். 1984 முதல் பராலிம்பிக்கில் உள்ள இவ்விளையாட்டின் தோற்பந்துகள் விலை கூடியவை என்பதால், பயிற்றுநர்கள் துணிப் பந்துக்குள் பயறு நிரப்பி, தராசில் வைத்து 275 கிராமுக்குச் சரிசெய்கிறார்கள். போட்டிப் பந்தின் எடைக்குக் கை இப்போதே பழகவேண்டும் என்பது அவர்களின் அக்கறை.

எறிய இயலாத என் மகனுக்குப் பந்தை உருட்டிவிடும் சரிவுத் தடம் தந்தார்கள். அதைத் திருப்பிவைக்கும் உதவியாளர் ஆடுகளத்துக்கு முதுகு காட்டியே இருக்கவேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது விதி. பிறந்த நாள் முதல் அவனுக்காக எல்லாவற்றையும் தீர்மானித்துப் பழகிய எனக்கு முதல் நாள் மிகக் கடினமாக இருந்தது. "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்... காணும், அம்மா" என்று அவன் சொல்ல, நான் தடத்தை நகர்த்த, அவன் பந்தை விட, அது எங்கே போய் நின்றது என்பதை அவனுடைய முகத்தில்தான் அறிந்தேன்.

பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கோல்போல் பயிற்சியும் உண்டு. ஒட்டு நாடாவின் கீழ் கயிறு வைத்து, கோடுகளைத் தடவி அறியச் செய்திருப்பது நேர்த்தியான வேலை. ஆனால் மணிப் பந்தைக் காதால் தொடரும் ஆட்டத்துக்கு வீதியோர மண்டபம் பொருந்தவில்லை. திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கி தொடங்கினால் பயிற்சி நின்றுவிடுகிறது.

பெரிய குறை, கழிப்பறை வாசலில் உள்ள இரண்டு படிகள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பிறர் பார்க்கத் தூக்கிச் செல்வது தாய்க்குப் பாரம், பிள்ளைக்குக் கூச்சம். பலகைச் சரிவு போடுவதாகச் சொன்னார்கள்; மூன்று மாதமாகியும் போடவில்லை.

வகுப்பு காலை 8 மணிக்குத் தொடங்கும். பெற்றோர் ஒருவர் உடன் இருக்கவேண்டும். சரிவுத் தடம் ஒன்றே உள்ளதால், அது தேவைப்படுவோர் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. 9 மணிக்குப் பின்னர் நாங்கள் அதை அடுத்த பிள்ளைக்கு விட்டுக்கொடுக்கிறோம்.