ஒரே பாதையா, இரண்டு பாதையா?

கடற்கரையோரம் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் ஒரே பாதை போடுவதா, தனித்தனியாகப் போடுவதா? யாழ்ப்பாணக் கோட்டையடியில் உள்ள பண்ணைக் கரையில் பின்னேரம் ஐந்தரைக்குப் போய் நின்றால் பாதி விடை தெரிந்துவிடும். கோட்டைப் பக்கம் காற்று வாங்க வந்தவர்கள், கச்சான் வண்டி, அப்பாவின் கையை உதறிவிட்டு ஓடும் பிள்ளை. நடப்பவர் மணிக்கு 5 கிலோமீற்றர் போவார். சைக்கிள் சாதாரணமாக 15. இந்த நெரிசலில் இருவருக்கும் ஒரே பாதை என்றால், 3 மீற்றர் அகலம் இருந்தாலும் மணியடித்தே கை நோகும். இங்கே பிரித்துத்தான் போடவேண்டும். வெறும் வெள்ளைக் கோடு போதாது, அதை யார் பார்க்கிறார்கள்? சைக்கிளுக்கு வேறு மட்டம், நடுவில் சரிவான விளிம்பு. செங்குத்து விளிம்பில் சில்லு உரசினால் ஆள் விழுவார். சோளகக் காற்று வீசும் மாதங்களில் சைக்கிள் தள்ளாடும், ஆகவே அகலத்தில் கஞ்சத்தனம் கூடாது.

வல்வெட்டித்துறை, பருத்தித்துறைக் கரையில் கதை வேறு. வீதிக்கும் கடலுக்கும் நடுவே பல இடங்களில் நிலமே கொஞ்சம். அதில்தான் வள்ளம் ஏற்றவும் வலை காயப்போடவும் வேண்டும். அங்கே இரண்டு பாதை கேட்பது கடற்றொழிலாளியின் இடத்தைக் கேட்பது. நடமாட்டம் குறைந்த துண்டுகளில் ஒரே பாதை போதும். பாதையோரக் கைப்பிடிக்கு மட்டும் சாதாரண இரும்பு வேண்டாம், உப்புக்காற்று தின்றுவிடும்.