பல்லாரட்டுக்குக் கப்பலேறும் வாத்தியக்காரருக்கு: பிடிலா, கான்சர்டினாவா?

1851-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில், பல்லாரட் போன்ற தங்கவயல்களில், தங்கம் தோண்டும் உரிமத்துக்கு மாதம் 30 ஷில்லிங். தங்கம் அகப்படாத ஜெர்மானிய, ஐரிஷ் இசைக்காரருக்குச் சாராயக் கூடாரத்தில் வாசிப்பதும் ஒரு பிழைப்புதான்.

சுருதி: பிடிலுக்குக் குடல் தந்தி, ஈரம் ஏறினால் சுருதி நிற்காது. கான்சர்டினா என்பது துருத்தியை இரு கையால் அமுக்கி இழுத்து வாசிக்கும் சிறு பெட்டி. அதற்குக் காற்றில் அதிரும் உலோக நாக்கு, அதாவது ரீடு; சுருதி அசையாது.

பழுது: தந்தி அறுந்தால் உடனே வேறொன்று மாட்டலாம். ஆனால் பிடிலை ஒட்டிய மிருகப் பசை ஈரவெக்கையில் விட்டுவிடும். கான்சர்டினாவில் ஒரு தூசு ரீடில் சிக்கினாலே அந்தச் சுரம் ஊமை. பக்கத் திருகுகளைக் கழற்றி, ரீடுக்கும் சட்டத்துக்கும் நடுவே மெல்லிய தாளை இழுத்தெடுக்க வேண்டும். துருத்தி கிழிந்தாலோ தோல் ஒட்டும்வரை வேலையில்லை.

பழக: பிடிலுக்கு வருடக்கணக்கு. ஜெர்மன் கான்சர்டினா எளிது. அமுக்க ஒரு சுரம், இழுக்க வேறு சுரம் என்பது முதலில் குழப்பும்.

நடனக் குழுவோடு சேர்பவருக்குப் பிடில். தனியாகப் பாட்டுக்கு வாசிப்பவருக்குக் கான்சர்டினா. மண்வெட்டி பிடித்துக் காய்ப்பேறிய விரலுக்கும் அதுவே தோது.